அலைகளின் எண்முறை உருவகப்படுத்தலில் செயற்கை எல்லை: ஒரு வரலாற்று ஆய்வு, 1912–2003

முன்னுரை

நிலநடுக்க அலையோ, ஒலியோ, ரேடார் அலையோ, அது பரவும் வெளிக்கு வரம்பில்லை. அதைக் கணக்கிடும் கணினியின் நினைவகத்துக்கு வரம்புண்டு. ஆகவே கணக்கிடுபவர் எங்கோ ஓரிடத்தில் வெளியை வெட்டி நிறுத்தியாக வேண்டும். வெட்டிய விளிம்பில் பொருந்தாத நிபந்தனையை வைத்தால், தொட்டிச் சுவரில் மோதிய நீரலை போல, அலை உள்ளே திரும்பும். இயற்கையில் இல்லாத அந்த அலை உண்மை விடையோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கடினம். கணக்கீட்டுக் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்களைத் தலைமுறை தலைமுறையாக ஈர்த்துவரும் இச்சிக்கலின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. அலையை உட்கவரும் திறன் ஒரு படி ஏறும்போதெல்லாம் கணக்கின் நிலைப்புத்தன்மை கேள்விக்குள்ளாயிற்று. அக்கேள்வியே அடுத்த படியை வடிவமைத்தது என்பது இதன் வாதம்.

1. பெட்டிக்குள் அடைபட்ட அலை

மூலத்திலிருந்து புறப்பட்ட அலை வெளியே போகலாம், முடிவிலியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது என்ற கதிர்வீச்சு நிபந்தனையை ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1912இல் எழுதினார். இயற்பியலுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த நிபந்தனை முடிவிலியில் இருக்கிறது. கணினியின் விளிம்போ மிக அருகில் இருக்கிறது.

1928இல் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் வெளியிட்ட கட்டுரை எண்முறைக் கணக்கின் அடிப்படைக் கட்டுப்பாட்டைக் காட்டியது. எளிய வடிவில் சொன்னால், ஒரு காலப்படியில் அலை கடக்கும் தொலைவு வலைக்கண்ணின் அகலத்தை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் சிறு பிழையும் கட்டுக்கடங்காமல் பெருகும். 1966இல் கேன் யீ, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைக் கண் தள்ளித் தள்ளி வைத்து மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணக்கிடும் முறையைத் தந்தார். இதனால் வலையின் உட்புள்ளிகளுக்கு நல்ல விதி கிடைத்தது. விளிம்பு தனிச் சிக்கலாகவே நின்றது.

பிரதிபலித்த அலை வந்து சேருமுன் கணக்கு முடிந்துவிடும் அளவுக்குப் பெட்டியைப் பெரிதாக்குவது எளிய வழி. ஆனால் முப்பரிமாணத்தில் பெட்டியின் பக்கத்தை இரட்டித்தால் புள்ளிகள் 8 மடங்காகும். கட்டடப் பொறியியலில் லிஸ்மரும் குலமேயரும் 1969இல் விளிம்பில் அதிர்வு தணிப்பான்களைப் பொருத்தினர். செங்குத்தாக வரும் அலையை அவை முழுதாக வாங்கிக்கொண்டன. சாய்ந்து வரும் அலையில் ஒரு பகுதி திரும்பியது. 1974இல் ஸ்மித் வேறு வழி கண்டார். விளிம்பை ஒருமுறை இறுகக் கட்டியும் ஒருமுறை கட்டின்றி விட்டும் கணக்கிட்டால், பிரதிபலிப்புகள் எதிரெதிர்க் குறியில் வரும். இரண்டின் சராசரியில் அவை அடிபட்டுப் போகும். ஆனால் 3 விளிம்புகளுக்கு 8 கணக்குகள் தேவை. ஒரே விளிம்பில் அலை மறுமுறை மோதினால் இந்த உத்தி செல்லாது.

2. வர்க்கமூலத்தின் தோராயம்: 1977

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ்-ஓட்டோ கிரைஸ் வழிகாட்டலில் 1975இல் முனைவர் பட்டம் பெற்றவர் பியோர்ன் எங்குவிஸ்ட். எந்த எல்லை நிபந்தனை நிலையான விடை தரும் என்பதைக் கண்டறியும் கோட்பாட்டைக் கிரைஸ் 1970இல் நிறுவியிருந்தார். அந்தப் பள்ளியில் வளர்ந்த எங்குவிஸ்ட்டும், ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் ஃபிலிப்ஸிடம் 1973இல் பட்டம் பெற்ற ஆண்ட்ரூ மைடாவும் 1977இல் உட்கவர் எல்லைக்கு முறையான அடித்தளம் அமைத்தனர்.

பிரதிபலிப்பே இல்லாத நிபந்தனையை எழுத முடியும் என்று அவர்கள் காட்டினர். ஆனால் அதில் ஒரு வர்க்கமூலம் வருகிறது: அலை சாயும் கோணத்தின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தி 1இலிருந்து கழித்து எடுக்கும் மூலம். அதைக் கணினியில் அப்படியே செயல்படுத்த, விளிம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு விளிம்பின் கடந்தகாலமும் தேவைப்படும். எனவே தோராயத்துக்கு வந்தனர். முதல் தோராயத்தில் 45 பாகையில் வரும் அலையின் வீச்சில் ஏறத்தாழ 17 விழுக்காடு திரும்புகிறது. இரண்டாம் தோராயத்தில் 3 விழுக்காடுதான். விளிம்பை உரசிச் செல்லும் அலைக்கு நிலைமை மோசம்: 80 பாகையில் முதல் தோராயம் 70 விழுக்காட்டையும், இரண்டாவது ஏறத்தாழ 50 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பும்.

அப்படியானால் டெய்லர் தொடரில் இன்னோர் உறுப்பைச் சேர்த்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்த உறுப்பைச் சேர்த்ததும் நிபந்தனை கிரைஸின் சோதனையில் தோற்கிறது. குறுகிய அலைநீளப் பிழைகள் வரம்பின்றி வளரும். அதே அளவு துல்லியத்தைப் பின்ன வடிவில் தரும் பாடே தோராயமோ நிலையாக நிற்கிறது. வர்க்கமூலத்துக்கு மிக நெருங்கிய இரு தோராயங்களில் ஒன்று கணக்கைக் காப்பாற்றுகிறது, மற்றது கெடுக்கிறது என்பதைக் கணினியை இயக்கிப் பார்க்காமல் தாளிலேயே கண்டது எங்குவிஸ்ட்–மைடா கட்டுரையின் தனிச்சிறப்பு. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர் ராபர்ட் கிளேட்டனும் எங்குவிஸ்ட்டும் இந்த நிபந்தனைகளை நிலநடுக்க அலைகளுக்கு விரித்தெழுதினர்.

3. கோட்டிலிருந்து அடுக்குக்கு: 1994

அடுத்த திருப்பம் பிரெஞ்சுப் பாதுகாப்புத் துறை சார்ந்த ஆய்வாளர் ழான்-பியேர் பெரான்ஜேவிடமிருந்து வந்தது. விளிம்புக் கோட்டில் நிபந்தனை தேடுவதை விட்டுவிட்டு, விளிம்பை ஒட்டிச் சில கண்கள் தடிப்பில் ஒரு கற்பனை ஊடகத்தை அவர் வைத்தார். அதற்கு மின்கடத்துத்திறனோடு காந்தக் கடத்துத்திறனையும் கொடுத்து, காந்தப்புலக் கூறு ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித் தணிப்பை வைத்தார். இந்த அடுக்கின் வாசலில், எந்தக் கோணத்தில், எந்த அதிர்வெண்ணில் அலை வந்தாலும், கோட்பாட்டளவில் பிரதிபலிப்பு சுழி. உள்ளே நுழைந்த அலை தேய்ந்துகொண்டே போய், வெளிச்சுவரில் மோதித் திரும்புகையிலும் தேய்கிறது. வலையில் இறக்கும்போது மட்டும் சிறு பிரதிபலிப்பு எழும். தணிப்பைப் படிப்படியாக ஏற்றி அதைக் குறைத்தனர்.

இந்தப் பிளவு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அதே 1994இல் சூவும் வீடனும் விளக்கம் தந்தனர்: இட ஆயத்தைக் கலப்பெண் தளத்துக்குள் நீட்டினால் இந்த அடுக்கு தானே பிறக்கிறது. குவாண்டம் இயற்பியலில் 1971 முதலே ஒத்திசைவுகளைக் கணிக்க இப்படி ஆயத்தைக் கலப்பெண்ணாக்கும் முறை இருந்தது. துறைகள் வேறாக இருந்ததால் இரு தரப்பும் தனித்தனியே ஓரிடம் வந்து சேர்ந்தன.

4. பின்னால் வந்த நிறுவல்

1997இல் அபர்பனெல்லும் காட்லீபும் பெரான்ஜேவின் பிளந்த சமன்பாடுகளை ஆராய்ந்து, அவை மாக்ஸ்வெல் சமன்பாடுகளின் வலுவான நிலைப்பை இழந்துவிட்டதைக் காட்டினர். சிறு இடையூறு சேர்ந்தாலும் அவை கெட்டுப்போகக்கூடும். புலத்தைப் பிளக்காத வடிவங்களைத் தேடும் முயற்சிக்கு இது வலுச் சேர்த்தது. 2000இல் ரோடனும் கெட்னியும் தந்த சுருள்தொகை வடிவம் அவற்றில் பரவலானது.

2003இல் பெகாஷ், ஃபோக்கோ, ஜோலி மூவரும் இன்னும் ஆழமான தடையைக் கண்டனர். திசைக்குத் திசை பண்பு மாறும் ஊடகத்தில், சில அலைகளின் முகடு ஒருபக்கம் நகர, ஆற்றல் எதிர்ப்பக்கம் செல்லும். அடுக்கு முகட்டின் திசையைப் பார்த்துத் தணிக்கிறது. வெளியேறும் ஆற்றலின் பார்வையில் அது தணிப்பல்ல, பெருக்கம். அலையை விழுங்க வைத்த அடுக்கே அலையை வளர்க்கும்.

முடிவுரை

1977இல் நிலைப்பின் நிறுவல் உருவாக்கத்தோடு சேர்ந்தே வந்தது. 1994இல் உருவாக்கம் முந்தியது, நிறுவல் மூன்று ஆண்டுகளும் ஒன்பது ஆண்டுகளும் கழித்து வந்தது. இரண்டாம் வரிசை வீண் அல்ல. நிறுவலுக்காகக் காத்திருந்தால் பெரான்ஜேவின் அடுக்கு அத்தனை விரைவாகப் பயன்பாட்டுக்கு வந்திருக்காது. ஆனால் நிலையின்மை வளரக் காலம் வேண்டும். குறுகிய கணக்கில் அது தலைகாட்டாமலே போகலாம். எனவே புதிய உட்கவர் அடுக்கை முன்வைக்கும் ஆய்வேடு, எவ்வளவு அலையை விழுங்கியது என்ற அட்டவணையோடு நின்றால் பாதிக் கேள்விக்கே விடை சொல்கிறது. எந்தெந்த ஊடகங்களில், எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அது கட்டுக்குள் நிற்கும் என்பதையும் அந்த ஆய்வேடு காட்டியாக வேண்டும்.