கழுவெளிக்கு வர வேண்டிய தண்ணீர்



சென்ற ஞாயிறு ஒரு சேவைச் சங்கக் கூட்டத்தில் கடலோர நீர்வளம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "அனந்தபுரத்துக்காரருக்குக் கடலைப் பற்றி என்ன சார் தெரியும்?" என்று ஒருவர் சிரித்தார். நியாயமான கேள்விதான். நான் நம் மாவட்டத்துக் கழுவெளியின் கதையைச் சொன்னேன்.

மரக்காணம் பழைய துறைமுகம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் அதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலும் அதே நூலில் உண்டு. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வந்தது. 1877-78இல், பெரும் பஞ்சத்தின்போது, கூலிக்கு வந்த சனங்கள் சென்னையில் வெட்டிய துண்டுதான் வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை படகிலேயே வரலாம் என்றானது.

அந்த மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கழுவெளி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழியும் நன்னீர் இதில் சேர்ந்து கடலுக்குப் போகும். கோடையில் கடல்நீர் கழிமுகம் வழியாக உள்ளே ஏறும். மேலே ஏரிகள் வழியாவிட்டால் கீழே உப்புதான் மிஞ்சும். 2021 டிசம்பரில் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

சங்கத்தார் கடற்கரையில் பனைவிதை நடத் திட்டம் வைத்திருந்தார்கள். நல்ல காரியம், போட்டோவும் அழகாக வரும். பாதிப் பணத்தில் மேட்டிலுள்ள ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர் வாருங்கள் என்றேன். செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வார்களாம்.

திண்டிவனம், மரக்காணம் பக்கம் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் ஊர் ஏரி கடைசியாக எந்த வருடம் கலங்கல் வழிந்தது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.