போ வீதியின் நீதவான்

கள்வரைப் பிடித்துக் கொடுப்போர், தாம் பட்ட பாடெல்லாம் நீதிமன்றத்திலே வீணாகின்றதென மனம் நோவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1751ஆம் ஆண்டு தை மாதத்தில் இலண்டனில் வெளிவந்த நூலொன்றின் பல பக்கங்களில் அந்த நோவே பேசுகின்றது. கொள்ளையர் பெருகியதன் காரணத்தை ஆராயும் அந்நூலை எழுதியவர் ஹென்றி பீல்டிங். 'தொம் ஜோன்ஸ்' என்னும் நாவலாற் புகழ்பெற்றவர். நாவலாசிரியருக்குக் கள்வரோடு என்ன தொடர்பு? 1748 முதல் அவர் நீதவானாகவும் இருந்தார். 'போ' என்னும் வீதியிலிருந்த அவர் வீடே நீதிமன்றமாகவும் விளங்கிற்று.

அக்கால இலண்டனில் ஒழுங்கான பொலிஸ் படை இல்லை. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் குடிமக்கள் முறைவைத்து, ஊதியமின்றி, ஓராண்டுக்குக் கொன்ஸ்தாபிள் வேலை பார்த்தனர். வசதியுடையோர் காசு கொடுத்துத் தமக்குப் பதிலாள் நிறுத்தினர். களவு கொடுத்தவனே வழக்கும் தொடர வேண்டும். சாட்சிகளை அழைத்துவரும் செலவும் அவன் தலையிலேயே விழுந்தது. பொருளை இழந்தபின் கைக்காசையும் இழக்க எத்தனை பேர் முன்வருவர்? நீதவானின் வருவாயும் பெரும்பாலும் வழக்காளிகள் கட்டும் கட்டணமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பவுண் வரக்கூடிய இடத்தில், ஏழைகளின் சச்சரவுகளைச் சமாதானமாகத் தீர்த்துவைத்த தமக்கு 300 பவுணுக்குச் சற்று மேலேதான் கிடைத்ததெனப் பீல்டிங் எழுதியுள்ளார்.

சட்டமோ கொடுமையின் எல்லையில் நின்றது. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 160 எனச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1760களிற் கணக்கிட்டார். வீட்டினுள் 40 சிலிங், அதாவது 2 பவுண், பெறுமதியான பொருளைத் திருடினாலும் தூக்குத்தான். இத்தகைய களவுக்காக வேலைக்காரப் பெண்ணொருத்தியைத் தூக்கிலிட யூரிமாருக்கு மனம் வருமா? களவுபோன பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் பெறுமதி 39 சிலிங் என்று பலமுறை தீர்த்தனர். சத்தியம் செய்தபின் சொன்ன பொய்தான். ஆயினும் அருளிற் பிறந்த பொய் எனப் பிளாக்ஸ்டன் கருதினார். தூக்குத் தீர்ப்புப் பெற்றோரிலும் பலர் மன்னரின் மன்னிப்பால் உயிர் தப்பினர்.

பீல்டிங்குக்கு இந்த மென்மை பொறுக்கவில்லை. பொருளிழந்தோரின் இரக்கமும் மன்னரின் மன்னிப்பும் கள்வருக்குத் துணிவூட்டுகின்றன என வாதிட்டார். அவ்விரக்கத்தைப் பெற்றெடுத்தது சட்டத்தின் கொடுமையே என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரல்லர். எனினும், வழக்காளியின் செலவைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கவேண்டும் என அவர் கேட்டது முற்றும் நியாயமானதே. குற்றம் நிரூபிக்கப்பட்ட வழக்குகளில் அதற்கு இடமளிக்கும் சட்டம் 1752இல் வந்தது.

1753இல், கொலையும் கொள்ளையும் மிக்க வேளையில், நியூகாசில் கோமகன் அவரை அழைத்து வழி கேட்டார். பீல்டிங் அப்போது கடும் நோயாளி. புதிய தண்டனை எதனையும் அவர் வேண்டவில்லை. வேண்டியது 600 பவுண். துப்புச் சொல்வோருக்கும் கள்வரைப் பிடிப்போருக்கும் கொடுப்பதற்கான பணம் அது. 200 பவுண் கைக்கு வந்த சில நாட்களுள் கொள்ளைக் கூட்டம் சிதறிற்று. எழுவர் சிறைப்பட்டனர், ஏனையோர் ஓடிப்போயினர். கார்த்திகையின் எஞ்சிய நாட்களிலும் மார்கழி முழுவதிலும் கொலையொன்றும் நிகழவில்லை என அவர் பெருமையுடன் எழுதினார். அடுத்த ஆண்டு லிஸ்பன் நகரில், 47ஆம் வயதில், அவர் காலமானார்.

தூக்குமரம் மேலும் பல ஆண்டுகள் நின்றது. 1829இல் றொபேட் பீலின் சட்டப்படி, சம்பளம் பெறும் பெருநகரப் பொலிஸ் படை இலண்டன் வீதிகளில் இறங்கியது. மறு ஆண்டில் வங்கியாளர் பலர் பாராளுமன்றத்துக்கு மனுச் செய்தனர். கள்ளப் பத்திரம் எழுதுவோருக்குரிய தூக்குத் தண்டனையை நீக்கவேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள். அத்தண்டனை இருக்கும்வரை, தம்மை ஏமாற்றியவரை யூரிமார் குற்றவாளியெனத் தீர்க்கமாட்டார்கள் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.