அம்மைப்பாலும் கொரோனா ஊசியும்: ஒரு தாமதத்தின் வரலாறு

நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டறியப்படும் நாளுக்கும், அது எளிய மனிதர் ஒருவரின் தோளில் ஏற்றப்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் முதல் நாளையே பெரிதும் போற்றுவர். உயிரிழப்புகளோ இடைப்பட்ட காலத்தில் நிகழ்கின்றன. 2021ஆம் ஆண்டில் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தின் மீது மக்கள் கொண்ட மனக்குமுறலைப் புரிந்துகொள்ள, அந்த இடைவெளியின் வரலாற்றை நாம் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனிநூல் எழுதியவர் அபூபக்ர் அர்ராஸீ. அம்மைக் கொப்புளத்தின் சீழைச் சிறிதளவு உடலில் ஏற்றி நோயைத் தடுக்கும் முறை உஸ்மானியர் நாட்டில் வழக்கிலிருந்தது. பிரிட்டிஷ் தூதரின் மனைவியான மேரி வோர்ட்லி மாண்டேகு 1717இல் எடிர்னேயிலிருந்து எழுதிய கடிதத்தில் இம்முறையை விவரித்தார். 1721இல் லண்டனில் தம் மகளுக்கும் அதைச் செய்வித்தார். எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு இதனினும் ஆபத்துக் குறைந்த வழியைக் கண்டார். அதுவே நம் முன்னோர் 'அம்மைப்பால் குத்துதல்' என்றழைத்த முறை.

ஜென்னரின் நூல் 1798இல் வெளிவந்தது. ஆனால் அம்மைப்பால் இந்தியாவை அடைய 1802 வரை காத்திருக்க நேர்ந்தது. நெடும்பயணத்திலும் வெப்பத்திலும் அது வீரியம் இழந்தது. இறுதியில் வியன்னாவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா எனும் வழியே அது நகர்ந்தது. பஸ்ராவில் பலருக்குக் குத்தி, அவர்களிடமிருந்து எடுத்த பாலைப் பம்பாய்க்கு அனுப்பினர். 1802 ஜூன் 14 அன்று அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பலித்தது. இந்நாட்டின் முதல் தடுப்பூசி இஸ்லாமிய உலகின் இரு பெருநகரங்களைக் கடந்து வந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளலாம். அன்றைய தாமதத்திற்குத் தூரமும் வெப்பமுமே பெருங்காரணங்கள்.

அந்நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறலாயிற்று. பம்பாயில் பிளேக் பரவிய வேளையில் ஹாஃப்கின் 1897இல் தடுப்பூசியை உருவாக்கினார். மக்களின் அச்சத்தைப் போக்க ஆகா கான் சுல்தான் முஹம்மத் ஷா தாமே அவ்வூசியைப் பலர் அறியப் போட்டுக்கொண்டார். கிண்டியில் கிங் நிலையம் 1899இலும், கசௌலியில் மத்திய ஆய்வு நிலையம் 1905இலும், குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலும் தோன்றின. விடுதலைக்குப் பின் 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் எழுந்தது. பொதுத்துறையே மருந்தைச் செய்து பொதுமக்களுக்கு வழங்கும் மரபு இவ்வாறு வேரூன்றியது.

அம்மரபு பின்னர் தளர்ந்தது. உற்பத்தி நடைமுறை விதிகளை நிறைவு செய்யவில்லை என்று கூறி கசௌலி, குன்னூர், கிண்டி பி.சி.ஜி. ஆகிய மூன்று நிலையங்களின் உரிமத்தை அரசு 2008 ஜனவரியில் நிறுத்தி வைத்தது. 2010இல்தான் அத்தடை நீங்கியது. குறையைச் சீர்செய்ய உரிய முதலீட்டை உரிய காலத்தில் அளித்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது என்பது நம் கருத்து. செங்கல்பட்டில் 2012இல் ஒப்புதல் பெற்ற ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகமோ, 2021இல் பெருந்தேவை எழுந்தபோதும் உற்பத்தி தொடங்காமலே கிடந்தது. அதைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தமிழக அரசு மத்திய அரசிடம் வேண்டியது.

2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. 130 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாட்டிற்கு மத்திய அரசு முதற்கண் கோரியது 1 கோடியே 10 லட்சம் கோவிஷீல்டும் 55 லட்சம் கோவாக்சினுமே. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே 1 முதல் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் ஊசி என்று அறிவித்தனர். போடுவதற்குப் போதிய மருந்து இல்லை. கோவிஷீல்டின் விலையோ மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியார் மருத்துவமனைகளுக்கு 600 என மூவகையாயிற்று. கைபேசியும் இணையமும் இல்லாதார்க்கு முன்பதிவே பெருந்தடை. 18 முதல் 44 வயதினர்க்கான இக்கொள்கை மேலோட்டமான பார்வையிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவிற்குப் பொருந்தாதது என்று உச்ச நீதிமன்றம் மே 31 ஆணையில் சுட்டியது. ஜூன் 7 அன்று பிரதமர் கொள்கை மாற்றத்தை அறிவித்தார். ஜூன் 21 முதல் மத்திய அரசே கொள்முதல் செய்து மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கலாயிற்று.

விடுப்பில் வந்து ஊரில் சிக்கிய வளைகுடாத் தொழிலாளர்களுக்கு இத்தாமதம் பிழைப்பையே பறிப்பதாயிற்று. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கிடையே 84 நாள் கழிய வேண்டும் என்பது அன்றைய விதி. வேலைக்கும் படிப்பிற்கும் வெளிநாடு செல்வோர் 28 நாளிலேயே இரண்டாம் தவணை பெறலாம் என்ற தளர்வு ஜூன் மாதத்தில்தான் வந்தது. கோவாக்சின் போட்டவர்களோ உலக சுகாதார நிறுவனம் நவம்பர் 3 அன்று அதை ஏற்கும்வரை பல நாடுகளின் வாயிலில் காத்து நின்றனர்.

கலீஃபா உமர் (ரலி) ஷாம் நோக்கிப் புறப்பட்டு ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி வந்தது. முஹாஜிர்கள், அன்சாரிகள், குறைஷி மூத்தோர் என மூன்று குழுவினரிடம் அவர் ஆலோசித்தார். திரும்பும் முடிவை அபூ உபைதா (ரலி) வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். உமர் (ரலி) அதற்குப் பொறுமையுடன் விளக்கமளித்தார். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அறிவித்த நபிமொழி அம்முடிவை உறுதி செய்தது. நோய்க்காலத்தில் ஆட்சியாளர் பலரைக் கலந்து முடிவெடுப்பதும், வினவுவோர்க்கு விடையளிப்பதும் நம் வரலாற்றில் தொடக்க நாள் முதலே உள்ள மரபு.

2021 அக்டோபர் 21 அன்று இந்தியா 100 கோடி தவணைகளைக் கடந்தது; ஊசி போட்ட செவிலியரின் உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் ஏப்ரல், மே மாதங்களில் போய்ச் சேராத ஊசிகளுக்கு அந்த எண்ணிக்கை ஈடாகாது. 1802இல் மக்கள் வெயிலையும் கடலையும் நொந்துகொள்ள முடிந்தது. 2021இல் அவர்கள் அரசை வினவினார்கள். அவ்வினா நியாயமானது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் குன்னூரும் கிண்டியும் செங்கல்பட்டும் மருந்து செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்பதே அதற்குத் தகுந்த விடை.