சிலம்பக் கூடமும் கல்விக் கூடமும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். மீஞ்சூரும் பொன்னேரியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையின் பயனாகவே 1892இல் நில ஆணை பிறந்தது. எனினும் அப்பொருளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். சென்ற ஆண்டு நம் செயற்குழுவில் எழுந்த ஒரு விவாதமே என் மனத்தில் நின்றது. மாலைப் பள்ளி நடைபெறும் திடலில் இளைஞர் சிலர் சிலம்பப் பயிற்சி தொடங்க இசைவு கேட்டனர். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “புத்தகம் பிடிக்க வேண்டிய பிள்ளைகளின் கையில் கம்பைக் கொடுக்கவா இந்தச் சங்கம் கண்டோம்?” என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் பிள்ளைகளைக் கம்புக்கும் கொடிக்கும் பயன்படுத்திக்கொண்டு, வழக்கு வந்தபோது கைவிட்டவர்களை அவர் கண்டவர். ஆனால் கம்பும் புத்தகமும் பகையென்று வரலாறு சொல்லவில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். சுழலும் மூங்கில் காற்றைக் கிழிக்கும் ஓசையே கலைக்குப் பெயராயிற்று என்பர். சுற்றுபவனின் நெற்றியளவு உயரமுள்ள கம்பு இதற்கு ஏற்றது. புதிதாகச் சேரும் மாணவன் கையில் முதல்நாளே கம்பு தரப்படுவதில்லை. காலடி வரிசை படிந்த பின்னரே கம்பு. காலறியாதவன் கை வீசினால் தன் மண்டையையே உடைத்துக்கொள்வான் என்பது பட்டறிந்தவர் சொல். அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம், குறவஞ்சி, மறக்காணம், துடுக்காண்டம், பனையேறி மல்லு எனப் பல முறைகள் உண்டு. போட்டியில் கம்பின் நுனியில் வண்ணக் குழம்பைத் தோய்த்துக்கொண்டு ஆடுவதும், எதிரியின் உடலில் பட்ட தடங்களை எண்ணி வெற்றியை முடிவுசெய்வதும் வழக்கம். புருவங்களுக்கு நடுவே பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஓங்கி அடித்து வீழ்த்துவதினும், அடிக்க முடிந்த இடத்தில் மெல்லத் தொட்டு நிறுத்துவதே அரிது. இதனை நான் பின்னால் சொல்லப்போகும் செய்தியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சிலம்பம் ஏழையின் கலையாக நிலைத்ததற்கு ஒரு சட்டமும் துணைக்காரணம் ஆயிற்று என்பது என் கருத்து. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு வாள், ஈட்டி, வில், அம்பு ஆகியவற்றையும் ஆயுதப் பட்டியலில் சேர்த்து உரிமம் கேட்டது. மூங்கில் கம்பு அப்பட்டியலில் இல்லை. உழுதவனும் மாடு மேய்த்தவனும் கையில் வைத்திருந்த கோலுக்கு எந்தச் சர்க்காரும் உரிமம் கேட்க முடியாதல்லவா?

சிலம்பம் கற்பிப்பவரைத் தென்கோடியில் ஆசான் என்பர். நம் பக்கத்தில் வாத்தியார் என்பதே வழக்கு. எழுத்து கற்பிப்பவருக்கும் கம்பு கற்பிப்பவருக்கும் மக்கள் ஒரே பெயரைச் சூட்டியிருப்பது, இத்தனை ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. வடசென்னைப் பகுதியில் இன்னொரு சொல்லும் உண்டு: வஸ்தாது. பாரசீகத்தின் ‘உஸ்தாத்’, அதாவது ஆசிரியர், நம் நாவில் வஸ்தாது ஆனது. பயிற்சியின் தொடக்கத்தில் செய்யும் சலாம் வரிசை என்ற பெயரும் அவ்வழியே வந்ததுதான். தூய்மை பேசுவோர் முகம் சுளிக்கலாம். கலை எந்த எந்தத் தெருவில் வாழ்ந்தது என்பதற்கு இச்சொற்களே சான்று. இராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ஆங்கிலக் குத்துச்சண்டையைக் கற்றுத் தம்முடையதாக்கிக்கொண்ட சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் பரம்பரைகளிலும் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் நம்மவரும் கலந்தே நின்றனர். 2021இல் வந்த திரைப்படத்தின் வாயிலாக அதனை இன்றைய இளைஞர் அறிவர்.

இந்த வஸ்தாது என்னும் சொல்லே என்னைப் பூனாவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே ‘வஸ்தாத்’ என்ற அடைமொழியோடு இன்றும் போற்றப்படுபவர் லகுஜி ராகோஜி சால்வே. 1794இல் மாங் எனப்படும் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். 1817 நவம்பரில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த கிர்க்கிப் போரில் தம் தந்தையை இழந்தவர். பின்னர் பூனா நகரில் ‘தாலீம்’ எனப்படும் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவி, மல்யுத்தமும் வாள்வீச்சும் குறிபார்த்துச் சுடுதலும் கற்பித்தார்.

இதன் அருமையை உணர வேண்டுமானால் அந்நகரின் முந்தைய நிலையை அறிய வேண்டும். 1855இல் முக்தா சால்வே என்னும் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அது ‘ஞானோதயா’ என்னும் மராத்தி இதழில் வெளிவந்தது. அப்போது அவளுக்கு வயது 14. லகுஜியின் குடும்பத்துப் பெண் என்று அறியப்படுபவள். பாஜிராவின் ஆட்சியில் மாங்கோ மகாரோ ஒருவர் ஒரு தாலீமின் முன்னால் நடந்து சென்றால், அவர் தலையை வெட்டி அதனையே பந்தாகவும் வாளையே மட்டையாகவும் கொண்டு விளையாடினார்கள் என்று அவள் அக்கட்டுரையில் எழுதுகிறாள். இளைஞர்களே, சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கூடத்தின் வாயிலைக் கடப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாய் இருந்ததோ, அதே நகரில் ஒரு தலைமுறைக்குள் அதே சாதியைச் சேர்ந்த ஒருவர் தாமே கூடம் அமைத்து ஆசிரியராய் அமர்ந்தார். மேல்சாதிப் பிள்ளைகளும் அவரிடம் வந்து பணிந்து கற்றனர்.

அம்மாணவருள் தலையாயவர் ஜோதிராவ் பூலே. லகுஜியிடம் தாம் பயின்றதைப் பூலே தாமே எழுதியிருக்கிறார். 1848இல் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். தெருவில் நடந்த சாவித்திரிபாயின் மீது சேறும் சாணமும் வீசப்பட்ட காலம் அது. தம் சேரிப் பிள்ளைகளை அவர்களுடைய பள்ளிகளுக்கு அனுப்புமாறு வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்கச் செய்தவர் லகுஜி. தாலீமின் இளைஞர்கள் காவலாக உடன் சென்றனர் என்று மராத்திய மக்கள் நினைவுகூர்கின்றனர். அப்பள்ளியில் படித்தவள்தான் முக்தா. செயற்குழுவில் எழுந்த கேள்விக்கு இதனினும் மேலான விடை என்னிடம் இல்லை. 1881இல் லகுஜி காலமானார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஐதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமையைக் கலக்கிய 1780ஆம் ஆண்டு, செப்டம்பர் 30ஆம் நாள், சென்னைக் கோட்டையில் ‘பயனியர்’ என்னும் பெயரில் இரண்டு அணிகள் எழுப்பப்பட்டன. பாதை வெட்டுதல், பாலம் அமைத்தல், கோட்டை தகர்த்தல் ஆகியவை அவற்றின் வேலை. அவையே வளர்ந்து மதராஸ் சாப்பர்கள் ஆயின. இன்றும் பெங்களூரில் அப்படைப்பிரிவு உள்ளது. அதில் பறையர் குலத்தார் பெருந்திரளாகப் பணியாற்றினர். பிற்காலத்தில், சென்னைப் படைக்கு 1881 முதல் 1885 வரை தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் போன்றோர், போர்க்குலம் என்றும் போர்க்குணம் இல்லாக் குலம் என்றும் மக்களைப் பிரித்தனர். தமிழ்ச் சிப்பாய் போருக்கு உதவான் என்று கூறி ஆள்சேர்ப்பைச் சுருக்கினர். நூறாண்டு தம்மோடு போரிட்டவனுக்கு ஒரு தளபதியின் கருத்தால் வீரம் போய்விட்டதாம்! இன்று நம்மவரிலேயே சிலர் சுவரொட்டியில் ‘போர்க்குடி’ என்று அச்சிட்டுக்கொள்வதைக் காணும்போது, ராபர்ட்ஸ் துரையின் பாடத்தைத்தான் தலைகீழாக ஒப்பிக்கிறோமோ என்று தோன்றுகிறது. வீரம் பயிற்சியில் வருவது. குருதியில் வருவதாயின் வாத்தியாருக்கு வேலையே இல்லை.

கராத்தே வகுப்புகள் இன்று மீஞ்சூர்க் கடைத்தெரு முதல் கும்மிடிப்பூண்டி வரை பெருகிவிட்டன. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஜப்பானியர் பயிற்சிக் கூடத்தை ‘டோஜோ’ என்பர். புத்தர் பெருமான் ஞானம் பெற்ற இடமாகிய போதிமண்டத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது பிறந்த சொல் அது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்த நமக்கு இது அயலான சொல் அன்று. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில்தான் முதல் கூடம் வைத்தார். அவர் பின்னாளில் உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1922இல் ஒகினாவாவிலிருந்து கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுசென்ற புனாகோஷி கிச்சினும் பள்ளி ஆசிரியரே. மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிவதே தம் கலை என்று அவர் விதித்தார். காலணியை வெளியே விட்டு நுழைதல், வாயிலில் வணங்குதல், பயிற்சி முடிந்ததும் மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடின்றித் தரையைத் துடைத்தல் ஆகியவை அக்கூடங்களின் ஒழுங்கு.

காஞ்சிபுரத்துப் போதிதர்மரே சீனருக்கும் ஜப்பானியருக்கும் இவற்றையெல்லாம் கற்பித்தார் என்று மாணவர் பலர் என்னிடம் வாதிடுவதுண்டு. அவர் தியான நெறியைப் பரப்பியவர் என்பதில் ஐயமில்லை. சண்டைப் பயிற்சியோடு அவரை இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டினது. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது. நமக்கு உண்மையான முன்னோர் பலர் இருக்க, ஆதாரமில்லாத முன்னோரைத் தேட வேண்டியதில்லை.

சிலம்பக் கூடத்திலும் மேற்சொன்ன ஒழுங்குகள் யாவும் உண்டு. வெறுங்காலோடு நுழைதல், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுதல், கிடக்கும் கம்பைத் தாண்டாதிருத்தல், வாத்தியார் கையிலிருந்தே முதல் கம்பைப் பெறுதல், எதிரில் நிற்பவனுக்குச் சலாம் செய்யாமல் கம்பை ஓங்காதிருத்தல் ஆகியவை நான் சிறுவனாய்க் கற்றவை. வாத்தியார் காலில் விழும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனை நான் ஏற்பதில்லை. எவர் காலிலும் விழாதிருக்கவே நம் பெரியோர் பாடுபட்டனர். மண்ணைத் தொட்ட கையால் செய்யும் வணக்கம் போதும்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும். சவுக்குத் தோப்பில் எங்களுக்குக் கம்பு கற்பித்த வாத்தியார் பகலில் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஓர் ஊர்த் திருவிழாவில் ஆட எங்களை அழைத்துச் சென்றார். தேரோடும் தெருவின் முனையில் நிறுத்தி, “உங்கள் பக்கத்திலேயே ஆடிக்கொள்ளுங்கள்” என்றனர். பெரிய பையன்களின் கைகள் கம்பை இறுக்கின. வாத்தியார் அத்தெரு முனையிலேயே சலாம் வரிசையை ஒன்று விடாமல் முழுதும் செய்தார். பிறகு எங்கள் கம்புகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, “வாங்கடா போகலாம்” என்று திரும்பி நடந்தார். அவரைக் கோழை என்றவர் உண்டு. நானும் பல நாள் அவ்வாறே எண்ணினேன்.

கல்லூரியில் பயின்றபோது மகாத் போராட்ட வரலாற்றைப் படித்தேன். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகிய பின், ஊர் திரும்பிய நம் மக்கள் தாக்கப்பட்டனர். பட்டாளத்தில் இருந்தவர்களும் உரமேறிய இளைஞர்களும் ஒரு சொல்லுக்குக் காத்து நின்றனர். அண்ணல் அச்சொல்லைச் சொல்லவில்லை. சட்டத்தின் வழியே சென்றார். குளத்தைப் பற்றிய வழக்கில் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. அண்ணலின் கட்டுப்பாட்டையும் உப்பளத்து வாத்தியாரின் கட்டுப்பாட்டையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். அண்ணலுக்குப் பின்னால் ஒரு மாநாடு நின்றது. வாத்தியாருக்குப் பின்னால் பன்னிரண்டு சிறுவர்கள் மட்டுமே நின்றோம். அன்று அவர் திரும்பியிருக்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்றும் முழுத் தெளிவில்லை. ஆனால் அப்பன்னிருவரில் ஒருவர் மீதும் அன்று வழக்குப் பதியவில்லை. எழுவர் பின்னாளில் அரசுப் பணிக்கு வந்தோம்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செய்துகாட்டு விளையாட்டாக இடம்பெற்றது. தோப்பிலும் சேரியிலும் ஒதுங்கிக் கிடந்த கம்பு அரங்கேறிவிட்டது. இனிக் கட்டணமும் சான்றிதழும் பெருகும். அப்போது பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கம்பு என்றாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

செயற்குழு இறுதியில் இசைவளித்தது. திங்களும் வியாழனும் மாலை 5 மணி முதல் 6 மணி வரை சிலம்பம். அதன்பின் 8 மணி வரை பாடம். பாட வகுப்புக்கு வராதவருக்கு மறுநாள் கம்பு இல்லை என்று விதி எழுதியவர், முதலில் மறுத்த அதே மூத்த உறுப்பினர்தாம். இதுவரை பெயர் பதிந்தோர் 31 பேர். அவர்களுள் 14 பேர் பெண் பிள்ளைகள். கம்புகள் நூலக அறையின் கிழக்கு மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டுள்ளன. சாவி நூலகரிடம் இருக்கிறது.