பாலக்காட்டு சாஸ்திரிகளும் மூணாற்று உபதேசியாரும்

"வேதாந்தம் படிச்சா சாதம் போடுமோ?" பாலக்காட்டு அக்ரஹாரங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. மூணாற்று எஸ்டேட் லயங்களிலிருந்து வந்த அன்பர்கள் அதையே வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள்: "போதகர் படிப்புக்குப் போனா வீட்ட யாரு பாக்குறது?"

முதலில் ஒரு பழைய சங்கதி. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இறையியல் மிக மூத்த படிப்பு. ஆனால் அதே ஆங்கிலேயர் 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா சர்வகலாசாலைகளைத் தொடங்கியபோது அதற்கு இடம் தரவில்லை. சமய நம்பிக்கை சார்ந்த பாடங்களில் தேர்வு கூடாது என்று 1854-ஆம் ஆண்டு சார்லஸ் வுட் கல்வி அறிக்கை விதித்திருந்தது. முன்வாசல் அடைபட்டதால் வேதாந்தமும் மீமாம்சையும் சமஸ்கிருதம் என்ற பக்கவாசல் வழியே உள்ளே நுழைந்தன.

பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. ஆகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'சிரோமணி' பட்டம் நம்மவருக்கு எட்டும் தூரத்தில் வந்தது. பட்டாம்பியில் புன்னசேரி நம்பி நீலகண்ட சர்மா (1858–1934) நடத்திய பாடசாலை 1911-இல் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஜாதி பாராமல் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பட்டம் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஹைஸ்கூல் சமஸ்கிருத பண்டிட் உத்தியோகம்.

அதற்கும் மேலே போனவர் நூரணி அனந்தகிருஷ்ண சாஸ்திரி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். மஹாமஹோபாத்தியாயர் விருது பெற்றார். அவர் பதிப்பித்த 'அத்வைதசித்தி' 1917-இல் பம்பாய் நிர்ணயசாகர் அச்சகத்தில் வெளிவந்தது. பாமதி, கல்பதரு, பரிமளம் ஆகிய உரைகளோடு அவர் கொண்டுவந்த பிரம்மசூத்திர சங்கர பாஷ்யத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வேதாந்த தேசிகரின் 'சததூஷணி'க்கு மறுப்பாக 'சதபூஷணி' எழுதினார். விவாதம் அறுநூறு வருஷம் பழையது, சாஸ்திரிகளுக்கோ அது நேற்று நடந்த மாதிரி! சாஸ்திரம் சாதம் போட்டது வாஸ்தவம்தான். ஆனால் அவர் புகழ் பெற்ற நூல்கள் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. வீட்டில் பேசிய தமிழுக்கு அந்த வாசலில் வேலை இல்லை.

இனி இடுக்கி. கல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, அதே ஹூக்ளிக் கரையில், டேனிஷ்காரர் வசமிருந்த ஊர் செராம்பூர். அங்குள்ள கல்லூரிக்கு டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் 1827-இல் பட்டம் வழங்கும் சாசனம் தந்தார். பிற்பாடு 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. தென்னாட்டுப் புராட்டஸ்டன்ட் இறையியல் கல்லூரிகள் பலவற்றுக்கு இன்றும் பட்டம் அங்கிருந்துதான்.

நாசரேத் அருகே திருமறையூரில் இருந்த அப்படிப்பட்ட கல்லூரி 1969-இல் மதுரை அரசரடிக்கு வந்து, தமிழ்நாடு இறையியல் கல்லூரியாக உருவெடுத்தது. அங்கே பி.டி. பட்டத்தையே தமிழில் படிக்கலாம். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல் கட்டிய பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் பாடம் நடத்தினார்.

போடி மலைப்பாதை ஏறித் தேயிலைக் காட்டுக்குப் போன தமிழருக்கு இது சாதாரண விஷயமில்லை. துரைமாருக்காக 1910-இல் அஸ்திவாரமிட்ட மூணாறு கிறிஸ்து ஆலயத்தில் பின்னாளில் தமிழ் ஆராதனையும் நடந்தது. 1956-க்குப் பிறகு ஆபீசில் மலையாளம் மேலோங்கிய சீமையில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை தன் தாய்மொழியில் படித்து, தன் ஜனத்துக்கே அதே மொழியில் பேசிச் சம்பளம் வாங்கும் உத்தியோகங்கள் சொற்பம். உபதேசியார், போதகர் என்பவை அவற்றில் சேர்ந்தவை. சம்பளம் சொற்பம்தான், ஊர்விட்டு ஊர் மாற்றமும் உண்டு. ஆனாலும் நம் மலர்களில் நூரணிக்காரருக்குக் கிடைக்கும் பக்கங்களில் கால்வாசிகூட உபதேசியாருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

இன்று படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு வழிகள் கூடியிருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம் ஆகியவற்றுக்குத் தனித்துறைகள் இருக்கின்றன. ஆசிரியப் பணி, சுவடிப் பதிப்பு, சிறைச்சாலை, ஆஸ்பத்திரிகளில் ஆறுதல் பணி என்று போகலாம். ராணுவத்தில் மத போதகர் வேலையும் உண்டு. பண்டிட்டுக்கு சமஸ்கிருதப் பட்டம் வேண்டும். பாதிரியாருக்குப் பட்டத்தோடு குருப்பட்டமும் வேண்டும். இரண்டு பேருமே நாயப் சுபேதாராகத்தான் சேருகிறார்கள்.