‘நியூ ஐடென்டிட்டி’ அழுத்தினால் ஆளே மாறிடுமா? டார், ஹூனிக்ஸ் வேலை செய்வது எப்படி?

முறைகேடு பற்றிய ஆவணம் ஒருவரிடம் இருக்கிறது. நிருபருக்கு அனுப்பணும், ஆனா அனுப்பியது யாருன்னு தெரியக்கூடாது. இப்படிப்பட்டவர்கள் தேடிப்போவது ‘டார்’ நெட்வொர்க்கை.

திருச்சுழியில் இருந்து மதுரைக்கு நேர் பஸ்ஸில் போனால், ஏறிய ஊர், இறங்கும் ஊர் ரெண்டுமே கண்டக்டருக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் ஒன்று, விருதுநகரில் ஒன்று என பஸ் மாறினால்? முதல் கண்டக்டருக்கு திருச்சுழி தெரியும், மதுரை தெரியாது. கடைசி ஆளுக்கு மதுரை தெரியும், திருச்சுழி தெரியாது. நடுவில் உள்ளவருக்கு ரெண்டுமே தெரியாது. டாரும் இப்படித்தான், 3 சர்வர்கள் வழியாகப் போகும்.

சரி, ஹூனிக்ஸ் எதுக்கு? கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் அதுவே உண்மையான ஐபி முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஹூனிக்ஸ், ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை வைக்கிறது. ‘கேட்வே’யில் டார் மட்டும் ஓடும். ‘ஒர்க்ஸ்டேஷன்’தான் நாம் வேலை செய்யும் இடம். அதற்கு வெளியே போக கேட்வேயை விட்டால் வேறு வழியே கிடையாது. அதுக்கே உண்மையான ஐபி தெரியாது என்பதால், அங்கே புகுந்த வைரஸுக்கும் தெரியாது.

குழப்பம் வருவது இணைப்பைப் புதுப்பிக்கும்போதுதான். ஒர்க்ஸ்டேஷனை அணைத்துப் போட்டாலும் கேட்வேயில் டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிரவுசரில் ‘நியூ ஐடென்டிட்டி’ கொடுத்தால் டேப்கள் மூடும், குக்கீகள் அழியும், இனி வரும் இணைப்புகள் புதுப் பாதையில் போகும். அதே கேட்வேயைப் பயன்படுத்தும் மற்ற மெஷின்களின் புதிய இணைப்புகளும் அப்படித்தான். ஆனால் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோடு பழைய பாதையிலேயே முடியும்.

இன்னொன்று, முதல் சர்வரான ‘கார்டு’ மாறாது. மாதக்கணக்கில் அதேதான். இது கோளாறு இல்லைங்க, வேண்டுமென்றே செய்தது. அடிக்கடி மாற்றினால் என்றைக்காவது உளவு பார்ப்பவரின் சர்வரில் போய்ச் சிக்கும் வாய்ப்பு கூடிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு சொந்த ஜிமெயிலில் லாகின் செய்தால்? எல்லாம் வீண். பஸ் மூணு மாறிப் போய், இறங்கின இடத்தில் ஆதார் கார்டை நீட்டுகிற மாதிரி.

இந்தியாவில் டாருக்கு என்று தனியாகத் தடைச்சட்டம் இல்லை. விபிஎன் கதை வேறு. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், ஐபி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதனால் எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்டு விபிஎன் போன்றவை இந்திய சர்வர்களையே எடுத்துவிட்டன.