நாக்கு எரிச்சலா, மரத்துப் போகிறதா? இரண்டு வாரம் தாண்டினால் பரிசோதனை அவசியம்

சம்பால் பட்டால் நாக்கு தீயாய் எரிகிறது. நுனி மரத்துப் போய் ருசியே தெரியவில்லை. இப்படி யாராவது சொன்னால், "உடம்புச் சூடு, மோர் குடி" என்பதுதான் நம் வீடுகளில் வரும் முதல் பதில். சூடான காப்பி பட்டதோ பல்லில் கடிபட்டதோ காரணமாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் ஆறிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் காரணம் வேறாக இருக்கலாம்.

சத்துக் குறைவு

வைட்டமின் பி12 குறைந்தால் நாக்கு சிவந்து, வழவழப்பாகி எரியும். கை கால்களும் மரத்துப் போகலாம். முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் இந்தச் சத்து உண்டு, காய்கறியில் இல்லை. எனவே சுத்த சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இனிப்பு நீருக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இரும்புச் சத்துக் குறைவாலும் நாக்கு எரியும். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

வாயில் உள்ள காரணங்கள்

கூர்மையான பல், பொருந்தாத பல் செட், வாய் உலர்தல், வெண்படலமாகப் படியும் பூஞ்சைத் தொற்று ஆகியவையும் காரணமாகலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். கடைவாய்ப் பல் பிடுங்கியபின் நாக்கு மரத்தே இருந்தால் பல் மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள்.

நாக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பரிசோதனைகளும் சரியாக இருக்கும். ஆனால் எரிச்சல் மாதக்கணக்கில் தொடரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். இது நரம்பு தொடர்பான வலி, கற்பனை அல்ல. மருந்தால் குறைக்க முடியும்.

வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, வாய் திறக்கச் சிரமம் ஆகியவை எச்சரிக்கைகள். தொடக்கத்தில் வலி இல்லாமலே வரும் என்பதால், வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கொப்பளியுங்கள். காரம், புளிப்பு, அன்னாசி, சிகரெட், மது, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் ஆகியவற்றைத் தவிருங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். கிராம்பு எண்ணெயை நேரடியாகத் தடவினால் புண்ணாகலாம்.

உடனே 999

நாக்கு அல்லது முகத்தில் திடீர் மரப்புடன் வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். நாக்கு வீங்கி மூச்சு முட்டினாலும் தாமதிக்காதீர்கள்.

மற்றவர்கள் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலோ பல் கிளினிக்கிலோ காட்டலாம். குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட்தான். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.